அறை வாடகை வரியும் கர்நாடகச் சுற்றுலா விளம்பரமும்: பெங்களூருத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விடுதி அறைக்கு விருந்தினர் கட்டும் வரியில் ஒரு பங்கை அந்த மாநிலத்தின் சுற்றுலா விளம்பரத்துக்கென்றே சட்டப்படி ஒதுக்கும் முறை அமெரிக்காவில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதைக் கர்நாடகத்திலும் கொண்டுவரலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், பெங்களூரில் விடுதித் தொழிலில் இருக்கும் தமிழர்களிடம் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. காந்திநகர், சிவாஜிநகர், அல்சூர் பகுதிகளில் லாட்ஜ் நடத்துபவர்கள், அங்கே வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவர்கள், மருத்துவத்துக்கோ வேலைக்கோ தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்குபவர்கள் ஆகிய மூன்று தரப்பினரையும் மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இங்கே சொல்லப்படும் ஜி.எஸ்.டி. விகிதங்கள் 2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்தவை.

அமெரிக்காவில் உள்ள அறை வாடகை வரி எப்படி வேலை செய்கிறது?

டெக்சாஸ் மாநிலத்தை எடுத்துக்கொண்டால் விளங்கும். நாள் வாடகை 15 டாலரும் அதற்கு மேலும் உள்ள அறைக்கு மாநில அரசு 6 சதவீதம் வரி விதிக்கிறது. வரியைக் கட்டுபவர் விருந்தினர். வசூலித்து மாநிலக் கணக்கு அலுவலகத்தில் செலுத்துவது விடுதியின் பொறுப்பு. உரிய நாளில் கட்டினால், வசூலித்த வேலைக்கு ஈடாக, வசூலான வரியில் 1 சதவீதத்தை விடுதியே வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் நகராட்சியும் மாவட்டமும் தனித்தனியே வரி போடலாம் என்பதால், ஹூஸ்டன் நகரில் எல்லாம் சேர்ந்து 17 சதவீதம் ஆகிறது.

நம் விஷயத்துக்கு முக்கியமானது அடுத்த பகுதி. மாநிலத்துக்கு வரும் 6 சதவீதத்தில் அரை சதவீதப் புள்ளி, அதாவது வசூலில் பன்னிரண்டில் ஒரு பங்கு, சுற்றுலா விளம்பரத்துக்கும் சந்தைப்படுத்தலுக்கும் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. நகராட்சிகள் வசூலிக்கும் பங்குக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. ஒவ்வொரு செலவும் சுற்றுலாவையும் விடுதி, மாநாட்டுத் தொழிலையும் நேரடியாக வளர்க்க வேண்டும். அத்துடன் மாநாட்டு மையம், விளம்பரம், கலை வளர்ச்சி, வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு என்று சட்டம் பட்டியலிட்ட வகைகளில் ஒன்றிலும் அது அடங்க வேண்டும். நகராட்சியின் அன்றாட நிர்வாகச் செலவுக்கு இந்தப் பணத்தைத் தொடவே கூடாது.

நம் ஊரில் இப்போது அறைக்கு என்ன வரி கட்டுகிறோம்?

ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். இரண்டிலும் சரிபாதி மத்திய ஜி.எஸ்.டி., சரிபாதி மாநில ஜி.எஸ்.டி. காந்திநகரில் 1,800 ரூபாய் அறை எடுத்தால் பில்லில் 45 ரூபாய் மத்திய வரியாகவும் 45 ரூபாய் மாநில வரியாகவும் சேர்ந்து 1,890 ரூபாய் வரும். 8,000 ரூபாய் அறைக்கு 720 ரூபாயும் 720 ரூபாயும் சேர்ந்து 9,440 ரூபாய்.

இந்த விகிதங்கள் நிலைத்து நின்றதில்லை. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. தொடங்கியபோது 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு வரியே கிடையாது. உச்ச விகிதம் 28 சதவீதம். 2019 அக்டோபரில் உச்ச விகிதம் 18 சதவீதமாகக் குறைந்தது. 2022 ஜூலை 18 முதல் 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு இருந்த விலக்கு நீக்கப்பட்டு, அவற்றுக்கும் 12 சதவீதம் வந்தது. ஏழைகள் தங்கும் அறைக்கும் வரி என்ற நிலை அன்றுதான் தொடங்கியது. 5 சதவீதமாகக் குறைந்த பின்னும் அந்த விலக்கு திரும்பவில்லை.

12 சதவீதம் 5 ஆனதால் லாட்ஜ்காரருக்கு லாபம்தானே?

விருந்தினருக்கு நிச்சயமாக லாபம். லாட்ஜ்காரருக்குப் பாதி லாபம் என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த 5 சதவீதம் உள்ளீட்டு வரி வரவு இல்லாத 5 சதவீதம். லிஃப்ட் பராமரிப்பு, பெயின்ட், மெத்தை, ஏ.சி. பழுது, இணையவழி முன்பதிவுத் தளத்தின் கமிஷன் ஆகியவற்றுக்கு அவர் கட்டும் ஜி.எஸ்.டி.யை முன்போல் கழித்துக்கொள்ள முடியாது. அது செலவாக அவர் தலையில் நிற்கிறது. அறை வாடகையில் இன்னொரு சுமை ஏற்றுவது பற்றிப் பேசுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஜி.எஸ்.டி.க்கு முன் சொகுசு வரி என்று இருந்ததே, அது சுற்றுலாவுக்குப் போனதா?

போகவில்லை. கர்நாடகத்தில் 1979ஆம் ஆண்டின் சொகுசு வரிச் சட்டம் விடுதி அறைகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் வரி விதித்தது. தமிழ்நாட்டில் இதே போன்ற சட்டம் 1981இல் வந்தது. விடுதிகள் இவற்றை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயின. குஜராத், தமிழ்நாடு, கர்நாடகம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் சட்டங்களைச் சேர்த்து விசாரித்த நீதிமன்றம், எக்ஸ்பிரஸ் ஹோட்டல்ஸ் வழக்கில் 1989இல் அவை செல்லும் என்று தீர்ப்பளித்தது. வழக்கு முழுவதும் வரி போடும் அதிகாரத்தைப் பற்றியது. வசூலான பணம் எங்கே செலவாக வேண்டும் என்ற கேள்விக்கு அந்தச் சட்டங்களில் இடமே இல்லை. அறையிலிருந்து வந்த பணம் மதுவிலிருந்தும் வாகனப் பதிவிலிருந்தும் வந்த பணத்தோடு ஒன்றாகக் கலந்தது.

அப்படியானால் இப்போது என் பில்லில் உள்ள மாநில வரி எங்கே போகிறது?

அரசியலமைப்பின் 266ஆவது பிரிவின்படி மாநில அரசின் வரி வருவாய் முழுவதும் மாநிலத் தொகுப்பு நிதியில் சேர்கிறது. சட்டமன்றம் நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேற்றாமல் அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. சுற்றுலாத் துறைக்கு எவ்வளவு என்பது, துறைவாரியாகச் செலவுக்கு ஒப்புதல் கேட்டு அரசு சட்டமன்றத்தில் வைக்கும் மானியக் கோரிக்கையில் ஒவ்வோர் ஆண்டும் முடிவாகிறது. அறை வாடகையில் எவ்வளவு வசூலானது என்பதற்கும் அந்தத் தொகைக்கும் எந்தக் கட்டும் இல்லை. விடுதிகள் நிரம்பி வழிந்த ஆண்டிலும் சுற்றுலாத் துறையின் ஒதுக்கீடு குறையலாம்.

கர்நாடக அரசு இப்போது தனியாக ஓர் அறை வரி போட முடியுமா?

பழைய வழியில் முடியாது. மாநிலங்கள் எவற்றின் மீது சட்டம் இயற்றலாம் என்று அரசியலமைப்பு வகுத்த மாநிலப் பட்டியலின் 62ஆவது பதிவு சொகுசுகள் மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தந்திருந்தது. 2016ஆம் ஆண்டின் 101ஆவது திருத்தம் அதை மாற்றி எழுதியது. இப்போது அங்கே மிஞ்சியிருப்பது, ஊராட்சிகளும் நகராட்சிகளும் விதிக்கும் கேளிக்கை வரி மட்டும்தான். ஆகவே, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் 2025 செப்டம்பரில் உருவான ஐந்து மாநகராட்சிகளும் இந்தப் பதிவைக் காட்டி அறை வாடகை மீது வரி போட இயலாது. டெக்சாஸில் நகராட்சி செய்வதை இங்கே மாநகராட்சி செய்யட்டும் என்று சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. பற்றிச் சட்டம் இயற்ற மாநிலங்களுக்கு அரசியலமைப்பின் 246ஏ பிரிவில் அதிகாரம் உண்டு, மத்திய, மாநில அமைச்சர்கள் அடங்கிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் பரிந்துரைகள் கட்டளைகள் ஆகா என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று மோகித் மினரல்ஸ் வழக்கில் கூறியதும் உண்மை. ஆனாலும் எல்லா மாநிலங்களும் ஒரே விகிதத்தில் நடக்கும் முறையிலிருந்து விலகி ஒரு மாநிலம் மட்டும் அறைக்கு வேறு விகிதம் வைப்பது நடைமுறையில் எதிர்பார்க்கத்தக்கதல்ல.

செஸ் என்றோ கட்டணம் என்றோ பெயர் வைத்துப் போடலாமே?

செஸ் என்பது குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்கென விதிக்கும் கூடுதல் வரி. அதற்கு இரண்டு முன்மாதிரிகள் உண்டு. வெள்ளத்துக்குப் பின் கேரளம் 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை 1 சதவீத வெள்ள செஸ் வசூலித்தது. அதற்கு ஜி.எஸ்.டி. கவுன்சில் வழிவிட்டது, இயற்கைப் பேரிடர் காலத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் சிறப்பு விகிதம் வைக்கலாம் என்று 279ஏ பிரிவு சொல்வதே அதற்கு அடிப்படை. சுற்றுலா விளம்பரத்தைப் பேரிடர் என்று யாரும் வாதிட முடியாது. இன்னொன்று கர்நாடகத்திலேயே உள்ளது: திரைப்பட, கலாசாரத் தொழிலாளர் நலனுக்கான 2024ஆம் ஆண்டுச் சட்டம், சினிமா டிக்கெட் முதலியவற்றின் மீது 1 முதல் 2 சதவீதம் வரை செஸ் விதித்து அதை நல நிதியில் சேர்க்க வழிசெய்கிறது.

கட்டணம் என்ற வழியில் வேறொரு சிக்கல் இருக்கிறது. உடுப்பியின் சிரூர் மடம் தொடுத்த வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் வரிக்கும் கட்டணத்துக்கும் கோடு கிழித்தது. கட்டணம் என்றால் கட்டுபவருக்கு ஏதேனும் ஒரு சேவை இருக்க வேண்டும். பிற்காலத் தீர்ப்புகள் ரூபாய்க்கு ரூபாய் ஈடு காட்டத் தேவையில்லை என்று தளர்த்தினாலும், அடிப்படை மாறவில்லை. ஹம்பிக்கு லண்டனில் செய்யும் விளம்பரம், மெஜஸ்டிக்கில் ஓர் இரவு தங்கிவிட்டுத் திருவண்ணாமலை பஸ் பிடிக்கும் பயணிக்கு என்ன சேவை என்று நீதிமன்றம் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

பிறகு என்னதான் வழி?

புதிய வரி வேண்டாம். ஏற்கெனவே வசூலாகும் மாநில ஜி.எஸ்.டி.யில், விடுதி அறைகளிலிருந்து வரும் பகுதியில், பன்னிரண்டில் ஒரு பங்கைச் சுற்றுலா மேம்பாட்டு நிதிக்கு மாற்ற வேண்டும் என்று மாநிலச் சட்டம் ஒன்று சொன்னால் போதும். பணம் முறைப்படி தொகுப்பு நிதியில் சேர்ந்து, சட்டமன்றத்தின் ஒப்புதலோடு தனி நிதிக்கு மாறும். விருந்தினர் ஒரு காசும் கூடுதலாகக் கட்ட மாட்டார். லாட்ஜ்காரர் பில் போடும் முறையும் மாறாது.

மேலே சொன்ன 1,800 ரூபாய் அறையில் மாநில வரி 45 ரூபாய். அதில் பன்னிரண்டில் ஒன்று 3 ரூபாய் 75 காசு. 8,000 ரூபாய் அறையில் 720 ரூபாயில் 60 ரூபாய். வாடகை நான்கரை மடங்குகூட இல்லை. நிதிக்குப் போகும் பங்கோ 16 மடங்கு. வசதி உள்ளவர் கூடுதலாகத் தரும் ஒழுங்கு இரண்டு விகித முறையிலேயே அடங்கியிருக்கிறது. மேலே இன்னொரு செஸ் போட்டால் அந்த ஒழுங்கு குலையும். அரசுக்கு வருவாய் குறையுமே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் குறைவது அறை வரியின் மாநிலப் பங்கில் பன்னிரண்டில் ஒன்று மட்டும். அதுவும் விளம்பரம் பலித்து அறைகள் நிரம்பினால் அதே வரியாகத் திரும்பி வரக்கூடிய பணம்.

சட்டத்தில் ஒதுக்கிவிட்டால் பணம் பத்திரமாக இருக்குமா?

அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஜி.எஸ்.டி. இழப்பீட்டு செஸ் மாநிலங்களுக்கான தனி நிதியில் சேர வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்லியும், 2017-18, 2018-19 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 47,272 கோடி ரூபாய் அந்த நிதியில் குறைவாகச் சேர்க்கப்பட்டது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. கணக்கு நேர்செய்யும் காலத்தில் ஏற்பட்ட தற்காலிக நிலை அது என்று மத்திய நிதி அமைச்சகம் விளக்கம் தந்தது. விளக்கத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், சட்டம் எழுதிய நாளோடு கவனிப்பு முடிந்துவிடக் கூடாது என்பது விளங்குகிறது. எவ்வளவு வசூல், எவ்வளவு நிதிக்கு மாறியது, எந்தச் செலவுக்குப் போனது என்ற மூன்று எண்களும் காலாண்டுக்கு ஒரு முறை கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும்; அந்தக் கடமை சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

விளம்பரத்துக்குப் பணம் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்? ஹம்பியைத் தேடி வருபவர்கள் வரத்தானே செய்வார்கள்?

இதற்குக் கொலராடோ மாநிலத்தின் அனுபவம் பதிலாக அமையும். அங்கே விடுதி, உணவகம், பனிச்சறுக்கு போன்ற சுற்றுலாச் செலவுகளின் மீது 0.2 சதவீத வரி விதித்து விளம்பரம் செய்துவந்தார்கள். 1993இல் வாக்காளர்கள் அந்த வரியைத் தொடர மறுத்துவிட்டார்கள். மாநில அளவிலான விளம்பரம் நின்றது. மலைகளும் பனியும் அங்கேயேதான் இருந்தன. ஆனால் நாட்டின் உல்லாசப் பயணச் சந்தையில் கொலராடோவின் பங்கு சரிந்தது. பக்கத்து மாநிலங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. 2000ஆம் ஆண்டில் மாநிலம் மீண்டும் ஒரு சுற்றுலா அலுவலகத்தை அமைத்தது. இழந்த இடத்தைப் பிடிக்கப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹவாயில் அறை வரியின் ஒரு பகுதி அங்குள்ள சுற்றுலா ஆணையத்துக்கு நேரடியாகப் போய்வந்தது. கூட்டம் தாங்க முடியாமல் உள்ளூர் மக்கள் சலித்துப்போன நிலையில், 2021இல் சட்டமன்றம் அந்தத் தொடர்பை அறுத்தது. 2026 முதல் அங்கே அறை வரியை 0.75 சதவீதப் புள்ளி உயர்த்தி, அந்தப் பணத்தைக் கடற்கரைப் பாதுகாப்பு போன்ற சுற்றுச்சூழல் வேலைகளுக்கு என்று வைத்திருக்கிறார்கள். வார இறுதியில் நந்தி மலை ஏறும் வாகன வரிசையைப் பார்த்தவர்களுக்கு இந்த மனநிலை புரியும். நந்தி மலைக்கு இனி விளம்பரம் தேவையில்லை, பழங்கோயில்கள் உள்ள பட்டடக்கல்லுக்குத் தேவை.

பெங்களூரில் அறை விலை ஏறினால் விருந்தினர் ஓசூருக்குப் போய்விடுவார்களே?

புதிய செஸ் போட்டால் போவார்கள். எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலையாக வருபவருக்கு அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஓசூரில் தங்குவது பெரிய தூரமில்லை. இப்போது இரு பக்கமும் ஒரே ஜி.எஸ்.டி. என்பதால் வரியில் வேறுபாடு கிடையாது. கர்நாடகம் மட்டும் செஸ் போட்டால், எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள விடுதிக்கு அதுவே இலவச விளம்பரமாகிவிடும். இருக்கும் வரியிலிருந்து பங்கு எடுப்பதே சரி என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நோயாளியோடு வந்து தங்குபவர் ஏன் சுற்றுலா விளம்பரத்துக்குப் பணம் தர வேண்டும்?

தரக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. எந்தச் சட்ட வரைவு வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பெங்களூரு சுற்றுலா நகரம் மட்டும் அன்று. கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை, நிம்ஹான்ஸ், ஜெயதேவா இதய மருத்துவமனை ஆகியவற்றைச் சுற்றியுள்ள தெருக்களில் இருக்கும் சிறு லாட்ஜுகளில் தங்குபவர்களில் பலர் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர், வேலூர் பக்கத்து மக்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரங்கள் ஓடும். 1,200 ரூபாய் அறையில் 35 நாள் தங்கினால் வாடகை 42,000 ரூபாய்; அதன் மேல் 5 சதவீதமாக 2,100 ரூபாய். அறையிலேயே சிறு அடுப்பில் கஞ்சி வைத்து, துணியை மாடியில் காயப்போட்டு நாளைக் கடத்தும் குடும்பத்துக்கு இந்த 2,100 ரூபாய் ஒரு வார மருந்துச் செலவு.

நீண்ட நாள் தங்குபவர்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாட்களாவது தங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை என்று 2024 ஜூலையில் அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பி.ஜி. விடுதிகளுக்கும் 12 சதவீதம் உண்டு என்று பெங்களூரில் இருந்த முன்தீர்ப்பு ஆணையம் (வரிச் சந்தேகங்களுக்கு முன்கூட்டியே விளக்கம் தரும் அமைப்பு) சொன்னதால் எழுந்த குழப்பத்துக்கு அது முடிவாக அமைந்தது. மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு அது நல்ல செய்தி. 35 நாள் தங்கும் நோயாளிக் குடும்பத்துக்கு அதனால் பயனில்லை. டெக்சாஸ் சட்டம் 30 நாளும் அதற்கு மேலும் தங்குபவருக்கு அறை வரியிலிருந்து விலக்கு தருகிறது. மருத்துவமனைச் சான்றோடு தங்குபவர்களுக்காவது இந்த 90 நாள் வரம்பை 30 ஆகக் குறைக்குமாறு ஜி.எஸ்.டி. கவுன்சிலில் கர்நாடகமும் தமிழ்நாடும் சேர்ந்தே கேட்கலாம். இரு மாநிலங்களுக்கும் இதில் பகையில்லை.

அறக்கட்டளைகள் வழிபாட்டுத் தல வளாகத்தில் நடத்தும் சத்திரங்களில் நாள் வாடகை 1,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் வரி இல்லை என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

குறைந்த வாடகை அறைகளை விலக்கிவைப்பது உலகம் அறியாத புதுமையன்று. டோக்கியோ 2002இல் அறை வரி தொடங்கியபோதே, ஆளுக்கு ஓர் இரவுக்கு 10,000 யென்னுக்குக் குறைந்த தங்கலுக்கு வரி இல்லை என்று வைத்தது. அதற்கு மேல் 100 யென், 15,000 யென்னைத் தொட்டால் 200 யென். அந்தப் பணம் சுற்றுலா வளர்ச்சிக்கே போனது.

அண்டை நாடு எதிலாவது இப்படி உண்டா?

இலங்கையில் உண்டு. 2005ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டப்படி, பதிவுபெற்ற சுற்றுலா நிறுவனங்கள் தம் விற்றுமுதலில் 1 சதவீதம் தீர்வை கட்டுகின்றன. விமானத்தில் புறப்படுவோர் கட்டும் தீர்வையின் ஒரு பகுதியோடு அதுவும் சுற்றுலா அபிவிருத்தி நிதியில் சேர்கிறது.

வசூல் பெங்களூரில், விளம்பரம் ஹம்பிக்கும் குடகுக்கும் என்றால் நம் லாட்ஜுகளுக்கு என்ன பயன்?

அலுவல் பயணிகளை நம்பியே பெங்களூரு விடுதிகள் பெரும்பாலும் ஓடுகின்றன. திங்கள் முதல் வியாழன் வரை அறை கிடைக்காது. சனி, ஞாயிறு காலியாகக் கிடக்கும். எலகங்காவில் இரண்டாண்டுக்கு ஒரு முறை ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் விலை ஏறும், பிறகு இறங்கும். அலுவலாக வந்தவரை வெள்ளிக்கிழமை விமானம் ஏறவிடாமல், இரண்டு நாள் தங்கி பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் பார்த்துவிட்டுப் போகவைத்தால், அவர் ஒரு இரவாவது பெங்களூரில் கூடுதலாகத் தங்குவார். இந்த மூன்று ஊர்களின் ஹொய்சாளக் கோயில்கள் 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஹம்பி 1986 முதலும் பட்டடக்கல் 1987 முதலும் அதில் உள்ளன. மாநாடு ஏற்பாடு செய்பவர்களிடமே இந்தப் பயணத் திட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெங்களூருக்கு ஏற்ற விளம்பரம். விமான நிலையத்தில் பெரிய பலகை வைப்பதைவிட அதற்குச் செலவும் குறைவு.

நிதியை யார் கையில் கொடுப்பது?

கர்நாடக மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம் முழுவதையும் கொடுப்பது முறையாகாது. 1971இல் தொடங்கிய அந்தக் கழகம் மயூரா என்ற பெயரில் தானே விடுதிகளை நடத்துகிறது. தனியார் லாட்ஜில் வசூலான பணத்தைக் கொண்டு போட்டி விடுதிக்கு விளம்பரம் செய்வதாக ஆகிவிடும். விளம்பரம் என்பது மாநிலத்துக்கும் ஊர்களுக்கும் இருக்க வேண்டும். எந்த விடுதிக்கும் தனியாக இருக்கக் கூடாது. நிதியை மேற்பார்க்கும் குழுவில் சிறு லாட்ஜ் நடத்துபவர்களுக்கும், பெங்களூருக்கு வெளியே உள்ள மாவட்டங்களுக்கும், விடுதித் தொழிலாளர்களுக்கும் இடம் இருக்க வேண்டும். நட்சத்திர விடுதிகள் மட்டும் உட்கார்ந்தால் பணம் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கே போகும்.

விளம்பரம் என்றால் தொலைக்காட்சி விளம்பரம்தானே?

அந்த எண்ணம் மாற வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் வரும் குடும்பத்துக்கு வேண்டியது மெஜஸ்டிக்கிலும் சாட்டிலைட் பஸ் நிலையத்திலும் தமிழ், தெலுங்கு, மலையாளம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்கும் தகவல் மேசை. மைசூருக்கு அடுத்த பஸ் எப்போது, சோமநாதபுரத்துக்கு எங்கே இறங்க வேண்டும், குழந்தைகளோடு தங்க 1,500 ரூபாய்க்குள் எங்கே அறை கிடைக்கும் என்று சொல்லும் ஆள். சுத்தமான கழிப்பறை இல்லாத ஊரை எவ்வளவு விளம்பரம் செய்தாலும், ஒரு முறை போன பெண் தன் தங்கையிடம் போகாதே என்றுதான் சொல்வாள்.

பலனை அளக்கும் முறையும் மாற வேண்டும். ஒரே ஆள் மூன்று ஊர்களைப் பார்த்தால் மூன்று வருகை என்று பதிவாகக்கூடிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, கோடிக்கணக்கில் மக்கள் வந்தார்கள் என்று அறிவிப்பதால் லாட்ஜ்காரருக்கு ஒன்றும் தெரியாது. எந்த மாவட்டத்தில், எந்த மாதத்தில், எத்தனை அறை இரவுகள் விற்றன என்பதே கேட்க வேண்டிய கணக்கு.

எங்கள் லாட்ஜ் சிறியது, ஜி.எஸ்.டி. பதிவே இல்லை. நாங்கள் இதில் வருவோமா?

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் பதிவு தேவையில்லை. வரியும் இல்லை, பங்கும் இல்லை. 700 ரூபாய் வாடகையில் பத்து அறை வைத்து, பாதி அறை நிரம்பினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 லட்சத்து 78 ஆயிரம் வரும். ஆனால் பதினைந்து அறை, 800 ரூபாய் வாடகை, ஒன்பது அறை நிரம்பல் என்றால் 26 லட்சத்தைத் தாண்டிவிடும் என்பதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு இல்லாத லாட்ஜாக இருந்தாலும், இணையவழித் தளம் மூலம் அறை விற்றால் அந்த விற்பனைக்கான வரியைத் தளமே கட்ட வேண்டும்.

சென்னை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பெங்களூரு அறை பில்லின் வரியை எங்கள் நிறுவனம் கழித்துக்கொள்ளலாமா?

சென்னைப் பதிவில் முடியாது. விடுதி எங்கே இருக்கிறதோ அங்கேதான் சேவை நடந்ததாகச் சட்டம் கொள்கிறது. ஆகவே பில்லில் வருவது கர்நாடகத்தின் மாநில வரி. கர்நாடகத்திலும் நிறுவனத்துக்குப் பதிவு இருந்து, அந்த எண்ணில் பில் வாங்கினால் வழி உண்டு.

இப்போதைக்கு நாங்கள் செய்யக்கூடியது என்ன?

லாட்ஜ் நடத்துபவர்கள் பில்லில் அறை வாடகைக்குரிய 996311 என்ற சேவைக் குறியீட்டைச் சரியாக இட்டு, விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் 12ஆம் அட்டவணையை ஒழுங்காக நிரப்ப வேண்டும். அறை வாடகையிலிருந்து மாநிலத்துக்கு எவ்வளவு வருகிறது என்று பிரித்துக் காட்ட வேண்டுமானால், அடிப்படைத் தரவு அங்கேதான் இருக்கிறது. அது அரைகுறையாக இருந்தால், பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கேட்கும்போது எதில் பன்னிரண்டில் ஒன்று என்ற கேள்விக்கே விடை இராது.

தங்குபவர்கள் கணினி பில் கேட்டு வாங்க வேண்டும்; துண்டுச் சீட்டில் எழுதித் தரும் வரி அரசுக்குப் போகிறதா என்பதைச் சரிபார்க்க வழியில்லை. விடுதிச் சங்கங்கள், பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும் மாநில பட்ஜெட்டுக்கு முந்தைய ஆலோசனைக் காலத்தில், நிதித் துறைக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரே மனுவை அனுப்பலாம். தனி ஆளாகச் செய்ய நினைப்பவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு இரண்டே கேள்விகளை எழுதினால் போதும்: கடந்த நிதியாண்டில் 996311 குறியீட்டின் கீழ் கர்நாடகத்துக்கு வந்த மாநில ஜி.எஸ்.டி. எவ்வளவு, அதே ஆண்டில் சுற்றுலா விளம்பரத்துக்குச் செலவிட்ட தொகை எவ்வளவு? முதல் கேள்வியை வணிக வரித் துறைக்கும் இரண்டாவதைச் சுற்றுலாத் துறைக்கும் தனித்தனி விண்ணப்பமாக அனுப்புங்கள். ஒன்றாக அனுப்பினால் இது எங்களுடையதன்று என்று ஒரு துறை இன்னொரு துறைக்குத் தள்ளிவிடுவதிலேயே நாள் ஓடிவிடும்.